காய்ச்சல் விட்ட நாளே கவனிக்க வேண்டிய நாள்: டெங்குவும் உடலின் முதல் எச்சரிக்கையும்

மழை தொடங்கி இரண்டு மூன்று கிழமைகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: "பிளேட்லெட் எவ்வளவு?" காலி வீதியோர ஆய்வுகூடத்தில் றிப்போட் எடுத்து வருபவரிடமும், ஜம்பட்டா வீதிப் பாமசியில் பனடோல் வாங்குபவரிடமும் அதைத்தான் கேட்கிறார்கள். அதேயளவு வழக்கமான இன்னொரு வாக்கியமும் உண்டு: "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை."

டெங்குவைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வாக்கியம்தான் ஆபத்தானது. இந்நோயில் உயிராபத்து பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் வருகிறது. ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடிப் போனால், நுளம்பு கடித்த முதல் மணித்தியாலங்களுக்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது. அப்போது நமது கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளும், அந்தச் செய்திகளை வைரஸ் குழப்பும் விதமும்தான் பின்னர் நடப்பவற்றுக்கு அடித்தளம். கொழும்பு நோயாளிகளின் இரத்தத்தில் செய்யப்பட்ட ஆய்வுகளும் இந்தக் கதையில் முக்கியமான பங்கு வகிக்கின்றன. நான் வைத்தியர் அல்ல. ஆய்வுகளையும் நாட்டின் சிகிச்சை வழிகாட்டல்களையும் படித்துத் தொகுத்ததே இது. வைத்திய ஆலோசனைக்கு மாற்றாக இதைக் கொள்ளக் கூடாது.

கொழும்பின் கணக்கு

இலங்கையில் டெங்கு ஆய்வுகூடப் பரிசோதனை மூலம் முதன்முதலில் உறுதிப்படுத்தப்பட்டது 1962இல். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. 1980களின் முற்பகுதியிலேயே நான்கும் கொழும்பில் சுற்றிக்கொண்டிருந்தன. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வைரஸ் நிபுணராகப் பணியாற்றி, பின்னாளில் அமைச்சராகவும் இருந்த திஸ்ஸ விதாரண இந்த வரலாற்றைப் பதிவு செய்தவர்களில் ஒருவர். வியப்பு என்னவென்றால், அத்தனை தொற்று இருந்தும் கடுமையான வடிவமான டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சல் அப்போது அரிதாகவே இருந்தது. 1989இல்தான் அது பெரிய அளவில் தலைகாட்டியது. அதன்பிறகு இந்த நாட்டை விட்டுப் போகவில்லை.

மிக மோசமான ஆண்டு 2017. அந்த ஒரே ஆண்டில் 186,101 நோயாளர்கள் பதிவானார்கள். 440 பேர் இறந்தார்கள். மேல் மாகாணமே அதிகம் பாதிக்கப்பட்டது. 2009 முதல் பல ஆண்டுகளாக இங்கு முதலாம் வகை வைரஸே கோலோச்சியது. 2016-17இல் இரண்டாம் வகை மேலெழுந்தது. இந்த வகை மாற்றம் ஏன் முக்கியம் என்பது கீழே தெரியவரும்.

முதல் மணித்தியாலங்கள்

நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. தோலில் காவலுக்கு நிற்கும் சில வெண்குழிய வகைக் கலங்களே முதலில் தொற்றுக்குள்ளாகின்றன. உள்ளே நுழைந்த வைரஸ் தனது மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.யைப் பிரதியெடுக்கத் தொடங்கும். அந்தப் பிரதிகளின் வடிவம் நமது சொந்த ஆர்.என்.ஏ.யிலிருந்து வேறுபட்டது. கலத்துக்குள் 'ரிக்-ஐ', 'எம்.டி.ஏ.5' போன்ற உணரிப் புரதங்கள் இருக்கின்றன. அந்நிய வடிவத்தைத் தொட்டவுடன் அவை விழித்துக்கொள்கின்றன.

அதன்பின் நடப்பது ஒரு செய்தி ஓட்டம். உணரி அடுத்த புரதத்துக்குச் சொல்ல, அது அடுத்ததுக்குச் சொல்ல, செய்தி கலத்தின் கருவை அடைகிறது. அங்கே இன்டர்பெரோன் என்ற புரதத்துக்கான மரபணு இயக்கப்படுகிறது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மானும் கண்டுபிடித்துப் பெயரிட்ட பொருள் இது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அந்தப் பெயர்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிட்டான். அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அங்கிருந்து மற்ற வீடுகளுக்குத் தகவல் போனால் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொள்வார்கள். இன்டர்பெரோன் செய்வது அதுதான். தொற்றிய கலத்திலிருந்து வெளியேறி அயல் கலங்களின் மேற்பரப்பில் போய் ஒட்டுகிறது. அங்கே 'ஸ்டாட்1', 'ஸ்டாட்2' என்ற இரண்டு தூதுப் புரதங்கள் சேர்ந்து செய்தியைக் கருவுக்குள் எடுத்துச் செல்கின்றன. நூற்றுக்கணக்கான பாதுகாப்பு மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அடுத்து வரும் வைரஸ் அந்தக் கலத்துக்குள் பெருகுவது கடினமாகிவிடும்.

தொற்றுக்குள்ளாகும் எல்லோரும் நோயாளியாவதில்லை. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 39 கோடி டெங்குத் தொற்றுகள் நிகழ்வதாகவும், அவற்றில் 9.6 கோடியே நோயாக வெளித்தெரிவதாகவும் 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அதாவது நான்கில் மூன்று தொற்றுகள் ஓசையில்லாமல் கடந்துபோகின்றன.

கம்பியை அறுக்கும் வைரஸ்

மீதியில் என்ன நடக்கிறது? டெங்கு வைரஸிடம் இந்தச் செய்தி ஓட்டத்தைத் துண்டிக்கும் கருவிகள் உண்டு. அதன் 'என்எஸ்5' என்ற புரதம் ஸ்டாட்2ஐப் பிடித்து, கலத்தின் குப்பை அகற்றும் இயந்திரத்திடமே ஒப்படைத்து அழித்துவிடுகிறது. 2009இல் இது வெளிக்கொணரப்பட்டது. இன்டர்பெரோன் கதவைத் தட்டினாலும் செய்தியை உள்ளே கொண்டுபோக ஆள் இல்லை. வைரஸின் இன்னொரு புரதம், 'ஸ்டிங்' எனப்படும் எச்சரிக்கைப் புரதத்தை வெட்டிவிடுகிறது என்பது 2012இல் தெரியவந்தது.

நுளம்பு கடித்த பிறகு 4 முதல் 10 நாட்கள் வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மணி ஒழுங்காக ஒலிக்காத இந்த இடைவெளியில் வைரஸ் இரத்தத்தில் பெருகிவிடுகிறது. பிறகு தாமதமாக, ஆனால் பலமாக, எல்லா மணிகளும் ஒன்றாக ஒலிக்கின்றன. இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிச் செய்திகள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை உயர்த்துகின்றன. 39, 40 பாகை காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பது போன்ற உளைவு எல்லாம் அப்போது வருபவை.

ஆய்வாளர்களுக்கு இங்கே ஒரு சிக்கலும் இருந்தது. வைரஸின் இந்தக் கருவிகள் மனிதப் புரதங்களுக்கு ஏற்றவை. எலியின் ஸ்டாட்2ஐ என்எஸ்5ஆல் அழிக்க முடியாது. எலியின் ஸ்டிங்கையும் வைரஸால் வெட்ட முடியாது. சாதாரண ஆய்வுகூட எலிக்கு டெங்கு நோய் வராததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மனிதரில் நடப்பதை அறிய மனிதரின் இரத்தமே தேவை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஆண்டுக்கணக்காகச் செய்துவரும் வேலையின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. கொழும்பில் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட டெங்கு நோயாளிகளின் இரத்தத்தை நாளுக்கு நாள் ஒப்பிட்டு, யாருடைய உடலில் எந்தச் செய்தி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று அவர்கள் பார்த்தார்கள்.

அவர்கள் கண்டவற்றில் ஒன்று இன்டர்லியூக்கின்-10 பற்றியது. இது அமைதிப்படுத்தும் செய்தி. சண்டை எல்லை மீறாமல் தடுப்பது அதன் இயல்பான வேலை. கடுமையாக நோயுற்றவர்களிடம் இது அளவுக்கு மீறி இருந்தது. வைரஸை ஒழிக்கவேண்டிய டி கலங்கள் அவர்களிடம் மந்தமாக இருந்தன. வைரஸ் வெளிவிடும் 'என்எஸ்1' புரதம் ஐந்தாம் நாளைத் தாண்டியும் இரத்தத்தில் நிலைத்திருப்பது கடும் நோயுடன் தொடர்புடையது என்பதையும் அந்தக் குழு காட்டியது.

இரண்டாம் முறை ஏன் மோசம்?

ஒரு வகை டெங்கு வந்து போனால் அந்த வகைக்கு எதிரான நிர்ப்பீடனம் நீண்டகாலம் நிற்கும். மற்ற மூன்றுக்கும் அது நிரந்தரப் பாதுகாப்பு அல்ல. சில வேளைகளில் அது எதிரிக்கே உதவிவிடுகிறது.

1960களில் பாங்கொக்கில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் இதைக் கவனித்தார். கடும் டெங்கு இரண்டு சாராரில் அதிகம் தென்பட்டது: இரண்டாம் முறை தொற்றிய பிள்ளைகள், முதல் முறையே தொற்றிய, ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள். இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது பழைய பிறபொருளெதிரிகள். பிள்ளைகளிடம் சொந்தமாக உருவானவை, கைக்குழந்தைகளிடம் தாயிடமிருந்து வந்தவை. பழைய பிறபொருளெதிரி புதிய வகை வைரஸில் ஒட்டும், ஆனால் அதை முடக்காது. அப்படி ஒட்டிய வைரஸை வெண்குழியங்கள் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பின்வாசல் வழியாக வரும் இந்த வைரஸ் உள்ளிருக்கும் எச்சரிக்கை ஓட்டத்தையும் தணித்து, இன்டர்லியூக்கின்-10ஐக் கூட்டிவிடுவதாகப் பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன.

கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள்; கடும் நோய்க்குள்ளானவர்களில் பெரும்பாலானோர் முன்னர் முதலாம் வகை தொற்றியவர்கள். 2017இல் இலங்கையிலும் அதே வரிசையில்தான் வகை மாறியது.

ஆனால் பழைய பிறபொருளெதிரி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1989க்கு முன்னரும் கொழும்பில் நான்கு வகைகளும் இருந்தன, இரண்டாம் தொற்றுகளும் இருந்தன, கடும் நோய் மட்டும் அரிது. அந்த மாற்றத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மூன்றாம் வகையின் புதியதொரு கிளை தோன்றியதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். வைரஸில் ஏற்படும் சிறு மாற்றம் எப்படி இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு புவேர்ட்டோ ரிக்கோவில் 1994இல் பரவிய கிளை ஓர் உதாரணம். அதன் ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று, ரிக்-ஐ உணரியை இயக்கும் புரதத்தையே முடக்குகிறது என்று 2015இல் காட்டப்பட்டது. முதல் மணி இன்னும் அடங்கி ஒலித்தது. வைரஸ் இன்னும் நன்றாகப் பரவியது.

கொழும்புப் பெற்றோருக்கு இதில் ஒரு நேரடிச் செய்தி இருக்கிறது. வைத்தியர் ஹசித்த திசேரா உள்ளிட்டோர் 2008 இறுதியில் தொடங்கி கொழும்பு நகரில் 12 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 800 சிறுவரைப் பின்தொடர்ந்தனர். ஆய்வு தொடங்கும்போதே பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் பழைய டெங்குத் தொற்றின் அடையாளம் இருந்தது. "என்ரை பிள்ளைக்கு முன்னம் டெங்கு வரேல்லை" என்று சொல்லும் வீட்டில்கூட, ஓசையில்லாமல் ஒரு தடவை வந்து போயிருக்கலாம். இந்த நகரத்தில் எந்த டெங்கையும் இரண்டாவது என்றே எண்ணிக் கவனிப்பதுதான் பாதுகாப்பு.

காய்ச்சல் இறங்கும்போது

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். இரத்தத்திலுள்ள வைரஸ் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால் அதுவரை திரண்ட அழற்சிச் செய்திகள் அப்போது குருதிக்கலன்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. என்எஸ்1 புரதமும் சும்மா இருப்பதில்லை. பற்றீரியா நச்சை உணரும் டி.எல்.ஆர்.4 என்ற அதே உணரியை அது தட்டியெழுப்பி, குருதிக்கலன்களைக் கசியச் செய்கிறது என்று அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் 2015இல் தனித்தனியே காட்டின. அதே ஆண்டில் மலவிகே குழு, பிளேட்லெட் ஊக்கி காரணி என்ற கொழுப்புப் பொருளும் கசிவுக்குக் காரணமாவதைக் கொழும்பு நோயாளிகளின் குருதியில் கண்டது. திசேரா உள்ளிட்டோர் இலங்கை நோயாளிகளில் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, தோலிலும் குருதிக்கலன்களைச் சுற்றியும் இருக்கும் மாஸ்ட் கலங்கள் விடுவிக்கும் கைமேஸ் என்ற நொதியத்தின் அளவு கடும் நோயை முன்கூட்டியே காட்டக்கூடியது என்றது.

கசிவு என்றால் இரத்தம் வெளியே வழிவது அல்ல. குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையம் கலன்களை விட்டு வெளியேறி நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்குகிறது. உள்ளே மிஞ்சும் குருதி தடிக்கிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. இந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலங்கள்தான் நீடிக்கும். டெங்கு மரணங்களில் பெரும்பகுதி தீர்மானிக்கப்படுவது இந்த ஒன்றிரண்டு நாட்களில்.

அப்படியானால் அழற்சிச் செய்திகளை மருந்தால் அடக்கிவிட்டால் என்ன? வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஆரம்ப நாட்களிலேயே ஸ்டீரோய்ட் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு: அதிர்ச்சி நிலையோ மற்றச் சிக்கல்களோ குறையவில்லை. இலங்கையில், ஒவ்வாமைக்குப் பயன்படும் ருபடடின் மாத்திரையை மலவிகே குழு பரிசோதித்தது. அது பிளேட்லெட் ஊக்கி காரணியையும் தடுப்பது. 2018இல் வெளியான அந்த முதற்கட்டப் பரிசோதனை சில நல்ல அறிகுறிகளைக் காட்டியபோதும், பிரதான இலக்கை எட்டவில்லை. இன்றுவரை டெங்குவிலிருந்து உயிரைக் காப்பாற்றுவது சரியான நேரத்தில், சரியான அளவில் கொடுக்கப்படும் திரவமே.

றிப்போட்டில் எதைப் பார்ப்பது?

இந்த உயிரியலைத் தெரிந்துகொண்டால் ஆய்வுகூடத் தாள் வேறு மாதிரித் தெரியும். எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான்.

முதலில் நாளை எண்ணுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள் முதலாம் நாள். அதைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாம் நாளுக்குள் எஃப்.பி.சி. எனப்படும் முழுக் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன்பின் வைத்தியர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் தினமும் செய்ய நேரும்.

வெண்குழியங்கள்: முதலில் குறைவது இவை. 5,000க்குக் கீழே போனால் டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

பிளேட்லெட்: வழமையான அளவு 150,000 முதல் 450,000 வரை. 100,000க்குக் கீழே இறங்கினால் கசிவு தொடங்கும் காலம் நெருங்கிவிட்டது என்று கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எண் ஒரு முன்னறிவிப்பு. ஆபத்து கசிவில் இருக்கிறது. இரத்தப்பெருக்கு இல்லாதவருக்குப் பிளேட்லெட் ஏற்றுவதால் பயன் இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான பரிசோதனை காட்டியது. பப்பாசி இலைச்சாறு கசிவை நிறுத்தாது. நோய் தணியும்போது பிளேட்லெட் தானாகவே ஏறும்.

பி.சி.வி.: பலர் கண்டுகொள்ளாத வரி இது. குருதியில் செங்குழியங்களின் பங்கைச் சொல்வது. திரவம் கசிந்தால் இது ஏறும். 20 வீத ஏற்றம் கசிவின் அடையாளம். உதாரணமாக, 35ஆக இருந்தது 42ஆவது. பழைய றிப்போட்டுகளை எறியாமல் வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களில் பயன்படும். ஆனால் 'நெகட்டிவ்' என்று வந்தால் டெங்கு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. இரண்டாம் தொற்றில் பழைய பிறபொருளெதிரிகள் என்எஸ்1ஐப் பற்றிக்கொள்வதால் அது தவறவிடப்படலாம்.

வீட்டில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே, அதுவும் வைத்தியர் சொன்ன அளவில். இபுபுரோபன், டைக்குளோபெனாக், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் வேண்டாம். இவை இரத்தப்பெருக்கைக் கூட்டக்கூடியவை. வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஜீவனி, கஞ்சி, இளநீர், பழச்சாறு கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்த்தால் வாந்தியில் இரத்தம் இருக்கிறதா என்று குழம்பவேண்டியிருக்காது. கசிவுக் கட்டத்தில் அளவுக்கு மிஞ்சிய திரவமும் ஆபத்து என்பதால் அதை வைத்தியசாலையே கணக்கிட வேண்டும்.

கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு அல்லது அமைதியின்மை, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, முரசிலோ மூக்கிலோ இரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடனே போக வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு போன்ற நீண்டகால நோயுள்ளவர்கள் இலக்கங்கள் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முன்கூட்டியே அனுமதிக்கப்பட வேண்டியவர்கள்.

தனியாக இருப்பவர்களும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருக்க, தனியே வாழும் அம்மா அப்பாக்கள் எத்தனையோ பேர். றிப்போட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அங்கிருந்து பிள்ளை பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்கியது என்று கேட்டு ஆறுதலடைகிறது. வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இன்று எத்தனையாம் நாள்? பி.சி.வி. நேற்றைவிட ஏறியிருக்கிறதா? கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணிக்கு? இவற்றுக்குப் பதில் தெரியவில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவது நல்லது.